கடற்கரையில் வாழ்வோர் கடலாடுவது எப்போது?

திண்டுக்கல் மாவட்டத்தில் பழநி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் கன்னிவாடி. அங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண 100 கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டும். ஆகவே அவ்வட்டாரத்துப் பெரியவர்களுக்குக் கடல் என்றால் இராமேசுவரம். அதை விட்டால் திருச்செந்தூர். பெற்றோரின் அஸ்தியைக் கரைக்கச் சென்றது ஒருமுறை, பேரப்பிள்ளைக்கு முடியிறக்கச் சென்றது ஒருமுறை, ஆடி அமாவாசைக்கு ஊராருடன் வண்டி அமர்த்திச் சென்றது ஒருமுறை என்று, வாழ்நாளில் கடல் கண்ட தடவைகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். சென்ற ஆண்டு, உடன் வந்தவர், அன்று உண்ட உணவு எல்லாம் நினைவில் நிற்கும்.

அப்படிப்பட்டவர்களின் பேச்சில் ஓர் ஏக்கமும் தொனிக்கும். "கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நினைத்தபோதெல்லாம் கடலாடலாம், நாள்தோறும் புண்ணியம்தான்" என்பார்கள். இது உண்மைதானா? கடற்கரையில் வாழ்வோர் எத்தனை முறை கடலுக்குச் செல்கின்றனர்? எப்போது செல்ல வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்திருக்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கும் அதில் ஒரு செய்தி இருப்பது தெரியவரும்.

அருகில் இருந்தும் தொலைவு

இங்கிலாந்தில் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கடலுக்கும் மனிதரின் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். கடலுக்கு அருகில் குடியிருப்போர் மற்றவர்களைவிட அடிக்கடி கடற்கரைக்குச் செல்கின்றனர். தொலைவு கூடக்கூடச் செல்லும் தடவை குறைகிறது என்பது இத்தகைய ஆய்வுகளில் தெரிய வந்தது. கடலோரம் வசிப்பவர்கள் தங்கள் உடல்நலம் சற்று மேம்பட்டிருப்பதாகக் கூறினர் என்பதும் அவற்றில் கண்ட செய்தி.

கணக்குப் பார்த்தால் அது சரியே. ஆனால் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. சென்னையில் மெரினாவிலிருந்து நாலைந்து தெருக்கள் தள்ளிக் குடியிருக்கும் பல குடும்பங்கள், வெளியூரிலிருந்து உறவினர் வந்தால்தான் கடற்கரைக்குப் புறப்படுகின்றன. விருந்தினரின் குழந்தைகள் அலையைக் கண்டு துள்ளும்போதுதான், "நாம் வந்து எத்தனை மாதங்கள் ஆயின!" என்று வீட்டார் வியந்துகொள்கின்றனர். "இங்கேதானே இருக்கிறது, நாளை போகலாம்" என்பதே கடலோரத்தவரின் வழக்கமான சொல். அந்த நாளை, மாதமாகவும் ஆண்டாகவும் நீண்டுவிடுகிறது.

இக்குணம் நம் காலத்தில் தோன்றியதன்று. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. வடமொழியிலும் இதே கருத்துடைய பழைய நீதிமொழி ஒன்று வழங்குகிறது. அளவு கடந்த பழக்கம் அவமதிப்பில் முடியும் என்று கூறும் அது, அதற்குச் சான்றாகப் பிரயாகைவாசியைக் காட்டுகிறது. உலகமெல்லாம் திரிவேணி சங்கமத்தில் நீராடத் திரண்டு வர, அவ்வூரில் குடியிருப்பவரோ தம் வீட்டுக் கிணற்றில் குளித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாராம்!

மனித மனத்தின் இந்தச் சோம்பலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அருகிருப்பவரை வெறும் அறிவுரையால் மட்டும் திருத்த அவர்கள் முயலவில்லை. அவர்களுக்கென்று நாள் குறித்துக் கொடுத்தனர்.

தொழலாம், தொடலாகாது

கடலையும் அரசமரத்தையும் எந்நாளும் வணங்கலாம். ஆனால் எந்நாளும் தொடலாகாது என்பது சாத்திர மரபு. அரசமரத்தைத் தொடுவதற்குச் சனிக்கிழமையும், கடலைத் தொட்டு நீராடுவதற்குப் பருவ நாட்களும் விதிக்கப்பட்டுள்ளன. அமாவாசை, பௌர்ணமி, மாதப்பிறப்பு, கிரகண காலம் ஆகியவை அத்தகைய நாட்களாகக் கொள்ளப்படுகின்றன. சேது ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய சேதுத் தலங்களில் எந்த நாளிலும் நீராடலாம் என்பர்.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்விதி வியப்பளிக்கும். எல்லா நதிகளும் வந்து கலப்பதால் கடலைத் தீர்த்தங்களுக்கெல்லாம் அரசன் என்று போற்றுகிறோம். அவ்வளவு புனிதமானதில் நாள்தோறும் நீராடினால் என்ன குறை?

விதியின் உட்கருத்தை இரு வகையாக உணரலாம். தொலைவிலிருந்து வருபவருக்கு நாள் பார்க்கும் வாய்ப்புக் குறைவு; பல ஆண்டுகள் பணம் சேர்த்து, நெடுவழி நடந்து சேதுவுக்கு வந்து சேர்ந்தவரிடம், "இன்று நாள் சரியில்லை, அடுத்த அமாவாசைக்கு வாருங்கள்" என்று சொல்ல இயலாது. ஆகவே அவர் வரும் சேதுவில் எல்லா நாளும் திறந்திருக்கிறது. மற்றக் கரைகளில் வாழ்பவருக்கோ நாள் வேண்டும். ஆண்டுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் சேர்ந்து 24 அல்லது 25 நாட்கள் வரும். அந்த நாட்களில் மட்டும் என்று வரையறுத்ததால், கடல் அன்றாடக் குளியலிடமாகித் தன் பெருமையை இழக்காமல் இருந்தது. அதே சமயம், "நாளை போகலாம்" என்ற சாக்குக்கும் இடமில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் பூமியுடன் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து கடல்நீரை இழுக்கின்றன. ஆகையால் அந்நாட்களையொட்டிக் கடலின் ஏற்ற இறக்கம் மற்ற நாட்களைவிட மிகுந்திருக்கும். கடலின் ஆற்றல் மிகுந்து வெளிப்படும் நாளில், ஊரோடு சேர்ந்து, மந்திரத்தோடும் அச்சம் கலந்த பணிவோடும் அதனுள் இறங்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இப்பணிவை இராமபிரானே காட்டியருளினார். இலங்கைக்கு வழிவிடுமாறு வேண்டித் தருப்பைப் புல்லின்மீது 3 நாட்கள் கடற்கரையில் கிடந்தார். இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் அத்திருக்கோலத்தைத் தருப்பசயன இராமராக இன்றும் சேவிக்கலாம். அவதார புருஷருக்கும் கடல் உடனே வழி தந்துவிடவில்லை என்பது எண்ணத்தக்கது.

குமரி அன்னையின் கிழக்கு வாசல்

கடலோரத்தில் கோயில் கொண்டிருக்கும் தெய்வத்துக்கே இந்த வரையறை உண்டு என்பதைக் கன்னியாகுமரியில் காணலாம். வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் அரபிக் கடலும் கூடும் அம்முனையில் பகவதி அம்மன் கிழக்கு நோக்கி நின்று தவம் செய்கிறாள். சந்நிதிக்கு நேராக, கடலைப் பார்த்தபடி ஒரு வாசல் உள்ளது. அவ்வாசல் எப்போதும் மூடியே இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை போன்ற குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே திறக்கப்படுகிறது. பக்தர்கள் வடக்கு வாசல் வழியாகச் சென்றே அன்னையைத் தரிசிக்கின்றனர்.

அம்மனின் மூக்குத்தியில் பதித்த கல்லின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று கருதிய மாலுமிகள் கப்பலைப் பாறையில் மோதிவிட்டனர். அதனால் கதவு மூடப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. காரணம் எதுவாயினும், அலையோசை ஓயாது கேட்கும் தூரத்தில் இருக்கும் அன்னையின் வாசல் கடலை நோக்கித் திறப்பது ஆண்டில் சில நாட்களே. அந்தச் சில நாட்களுக்காக ஊரே காத்திருக்கிறது.

தெய்வமே அழைத்துச் செல்லும் நாள்

நாள் குறித்த பிறகும் மக்கள் வராமல் இருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டனர். தெய்வத்தையே வீதி வழியாகக் கடலுக்கு எழுந்தருளச் செய்தனர். சுவாமி வாசலைக் கடந்து போகும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்? மாசி மகத்தின் தீர்த்தவாரி அப்படிப்பட்ட ஏற்பாடு.

இதன் தொன்மைக்குத் தேவாரமே சான்று. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர், மயிலாப்பூரில் பூம்பாவையை உயிர்ப்பித்த பதிகத்தில் அத்தலத்தின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "அதைக் காணாமல் போவாயோ" என்று அப்பெண்ணை அழைக்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் ஆகியவற்றோடு மாசிக் கடலாட்டும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. கடலோர மயிலையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கும் மாசிக் கடலாட்டு, காணாமல் விடக்கூடாத விழாவாக இருந்திருக்கிறது. இன்றும் மாசி மகத்தன்று மயிலைக் கபாலீசுவரரும் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாளும் மெரினாவுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றனர்.

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் அன்று காணும் காட்சி இன்னும் பெரிது. சுற்று வட்டாரத்து உற்சவ மூர்த்திகள் பலர் அங்கு வந்து வரிசையாக நிற்பர். உள்நாட்டில் குன்றின்மேல் கோயில் கொண்ட மயிலம் முருகனும் அக்கூட்டத்தில் எழுந்தருள்வார். மலைக்கடவுள் கடல் காண வரும் நாள் அது.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் மாசி மகம் ஓர் உறவுத் திருவிழா. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்று அக்கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். மீனவர் தலைவரின் மகளாக வளர்ந்த பத்மினி நாச்சியாரைப் பெருமாள் மணந்தார் என்பது தல வரலாறு. ஆகவே மீனவ மக்கள் பெருமாளை, "மாப்பிள்ளை" என்று உரிமையோடு அழைத்து வரவேற்கின்றனர். நாள்தோறும் வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்குபவர்கள், அன்று மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பதற்காகக் கரையில் நிற்கின்றனர். கடல் அதே கடல்தான். அவர்களுடைய நோக்கம் மட்டும் அன்று வேறு.

மாமல்லபுரத்தில் மாசிப் பௌர்ணமியன்று கூடுவோர் இருளர் பழங்குடி மக்கள். பல மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து கடற்கரை மணலில் தங்கி, மணலால் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். காது குத்துதலும் திருமணப் பேச்சும் திருமணமும் அங்கேயே நிகழ்கின்றன. கோபுரமோ மதிலோ இல்லாத அக்கோயிலை அடுத்த அலை கரைத்துவிடும். அதனால் அவர்களுக்குக் குறையொன்றும் இல்லை. அடுத்த மாசியில் மீண்டும் கட்டிக்கொள்வார்கள்.

அன்றாடம் கடல் சென்ற அடியார்

விழா நாளில் செல்வோர் இருக்கட்டும். நாள் தவறாமல் கடலுக்குச் செல்ல வேண்டிய தொழிலில் இருப்பவருக்குக் கடல் பழகிப் புளித்துப் போகாதா? இதற்கு விடையாக நிற்பவர் நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார்.

நாகையின் கடலோரக் குப்பத்தில் பரதவர் தலைவராக வாழ்ந்தவர் அவர். வலையில் எத்தனை மீன் விழுந்தாலும் அவற்றில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று சொல்லிக் கடலிலேயே விட்டுவிடுவது அவர் கொண்ட நோன்பு. ஒரு காலத்தில் வலையில் நாளுக்கு ஒரு மீனுக்கு மேல் விழவில்லை. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினார். குடும்பமும் சுற்றமும் பசியால் வாடின, உடல் மெலிந்தது, நோன்பு மெலியவில்லை. பின்னொரு நாள் பொன்னாலும் நவமணிகளாலும் ஆன மீன் ஒன்றே வலையில் கிடைத்தது. உலகை விலைக்கு வாங்கப் போதுமான அம்மீனையும், "இதுவும் என் ஐயனுக்கே" என்று அலையில் விட்டார். அக்கணமே இறைவன் விடைமேல் எழுந்தருளி அவரை ஆட்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

ஆவணி மாத ஆயிலிய நட்சத்திரத்தில் நாகை நீலாயதாட்சி அம்மன் உடனுறை காயாரோகண சுவாமி கோயில் சார்பில் இந்நிகழ்ச்சி கடற்கரையில் விழாவாக நடைபெறுகிறது. மீனவ மக்கள் படகில் சென்று பொன்மீனைக் கடலில் விட்டு வழிபடுகின்றனர். 2004 டிசம்பர் 26 அன்று, மார்கழிப் பௌர்ணமி நாளில், ஆழிப்பேரலை தமிழகத்தைத் தாக்கியபோது மிகப் பெரிய இழப்புக்கு உள்ளானது நாகை மாவட்டமே. அங்கு மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு பல மாதங்கள் கடலின் பக்கம் திரும்பவே அஞ்சியவர்கள் அக்கரையில் பலர். ஆயினும் பொன்மீன் விழா நிலைத்து நிற்கிறது. கொடுத்ததும் கடல், பறித்ததும் கடல் என்று அறிந்தவர்கள், நன்றி செலுத்தும் நாளைக் கைவிடவில்லை.

அதிபத்தர் வாழ்வு காட்டும் நெறி எளிது. அன்றாடம் செல்பவர் அன்றாடம் ஒன்றை இறைவனுக்கென்று ஒதுக்க வேண்டும். அன்றாடம் செல்லாதவர் ஒரு நாளையேனும் ஒதுக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோதுதான் அருகில் இருப்பது அலட்சியமாகிறது.

நெடுவழி வருவோர்

தொலைவில் இருப்பவரின் நிலை வேறு. அவர்களுக்கு நாளைவிட வழியே முதன்மையானது. காசி யாத்திரை செல்பவர் முதலில் இராமேசுவரம் சென்று, சேது மணலை எடுத்துக்கொண்டு, பிரயாகைத் திரிவேணியில் அதைச் சேர்த்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டு வந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் யாத்திரை நிறைவுறும். பாரதத்தின் இரு கோடிகளையும் ஒரு பிடி மணலாலும் ஒரு செம்பு நீராலும் இணைத்த ஏற்பாடு இது.

ஒரு காலத்தில் இராமேசுவரம் செல்வோர் பாம்பன் கால்வாயைப் படகில்தான் கடந்தனர். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் வீசிய கடும்புயல் தனுஷ்கோடியைச் சிதைத்து, ஒரு ரயில் வண்டியையே பயணிகளோடு விழுங்கியது; பாலமும் சேதமுற்றது, பின்னர்ச் சீர் செய்யப்பட்டது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டதும் பேருந்துகள் நேரே தீவுக்குள் சென்றன. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் கன்னிவாடிக்காரர் இரவில் வண்டியேறி, விடியற்காலையில் அக்கினி தீர்த்தத்தில் நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து, இராமநாதரைத் தரிசித்து, மறுநாள் வீடு திரும்பிவிட முடிகிறது.

வழி எளிதான பின்னும் அவர் கடலுக்குச் செல்லும் தடவை மிகுதியாகப் பெருகிவிடவில்லை. ஆனால் செல்லும் ஒவ்வொரு தடவையும் நிறைவாக இருக்கிறது. தந்தையின் சாம்பலைக் கரைத்த நீர் என்று கண் கலங்கி நிற்கிறார். பேரனின் கையைப் பிடித்து, "உன் பூட்டனார் இங்கேதான் இருக்கிறார்" என்று சொல்லிக் கொடுக்கிறார். கடலருகே வாழ்பவர் நாற்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான அமாவாசைகளைப் பெறுகிறார். உள்நாட்டவருக்கோ சிலவே கிட்டுகின்றன. அந்தச் சில, அவருக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

உப்புநீருக்குப் பின் நன்னீர்

கடலாடும் முறையிலும் முன்னோர் தெளிவான வழக்கத்தை வைத்துச் சென்றனர். சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் தீவினை நீங்கக் கடலில் நீராடிவிட்டு, பின்னர் உடலின் மாசு போக ஆற்று நன்னீரில் குளித்ததைச் சொல்கிறது. அதே முறையைத் திருச்செந்தூரில் இன்றும் காண்கிறோம்: முதலில் கடல், அடுத்து, கடலுக்கு மிக அருகில் இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணறு, பிறகே செந்திலாண்டவர் தரிசனம். இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தமாகிய கடலில் மூழ்கிய பின் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடி, உலர்ந்த உடை மாற்றிச் சந்நிதிக்குச் செல்கின்றனர்.

வயது முதிர்ந்தவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவையும் சில உள்ளன. தனியாகக் கடலில் இறங்கக் கூடாது. இளையவர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு முழங்கால் அளவு நீரில் நின்று, செம்பால் முகந்து தலையில் ஊற்றிக்கொண்டாலும் அது கடலாடலே. எந்த இடத்தில் இறங்கலாம் என்பதை உள்ளூர் மீனவரிடமோ காவலரிடமோ கேட்டறிய வேண்டும். தென்கோடிக் கரைகளில் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென்று பேரலை எழுவதுண்டு. மீனவர்கள் அதனைக் கள்ளக்கடல் என்பர். எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் கரையில் நின்று தொழுவதே முறை. தொழலாம், தொடலாகாது என்ற விதி அன்று பொருந்தும். பயணம் செய்ய இயலாதவர்கள் ஊர்க் குளத்தங்கரையிலோ வீட்டிலோ தர்ப்பணம் செய்யலாம் என்பதும் மரபில் உள்ளதே.

கடலருகிலேயே இருந்தும் செல்ல முடியாத முதியோரும் உண்டு. மெரினாவில் சாலைக்கும் அலைக்கும் இடையே விரிந்து கிடக்கும் மணற்பரப்பு, கால் தளர்ந்தவர்களுக்குக் கடக்க இயலாத பாலை. சக்கர நாற்காலியில் வருவோரும் அலையருகே செல்வதற்காக அங்கு 2022-ஆம் ஆண்டு மரத்தாலான நடைபாதை அமைக்கப்பட்டது. ஜன்னல் வழியாகக் கடற்காற்றை மட்டும் உணர்ந்து வந்த முதியவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு அலை நனைத்த ஈரத்தை அருகிருந்து காண முடிகிறது. வீட்டில் முதியோர் இருக்கும் கடலோரக் குடும்பங்கள், அமாவாசைக்கு ஒருமுறையேனும் அவர்களை அழைத்துச் செல்லுதல் காசிக்கு அழைத்துச் செல்லுவதற்கு ஒப்பாகும்.

மலையிலும் ஒரு பருவம்

கடலுக்குச் சொன்னது மலைக்கும் பொருந்தும். கொடைக்கானல் மலைச்சரிவில் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018-இல் அது பூத்தபோது அதைக் காண மக்கள் திரண்டனர். இடையிலுள்ள ஆண்டுகளிலும் மலை அங்கேதான் இருந்தது. அம்மலரின் பெயரைத் தாங்கிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிந்த நாளில் பழநித் திருக்கோயிலை நெடுந்தொலைவில் காணலாம். மலையுச்சியில் நிற்பவரும் அடிவாரத்துத் தெய்வத்தைக் காண, வானம் தெளியும் வேளைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பழநியின் தைப்பூசத்துக்குச் சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து பக்தர்கள் நடந்தே வருகின்றனர். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் காவடி சுமந்து பல நாள் நடந்து வருகின்றனர். கன்னிவாடியிலிருந்தோ, ஒரு காலைப் பொழுதில் பேருந்தில் சென்று பழநியாண்டவரைத் தரிசித்துத் திரும்பிவிடலாம். கன்னிவாடிக்கு இன்னும் அருகில், மலையடிவாரத்தில் சோமலிங்க சுவாமி கோயிலும் மெய்கண்ட சித்தர் குகையும் உள்ளன. சற்றுத் தொலைவில், பல ஊர்களிலிருந்து பக்தர்கள் தேடி வரும் கசவனம்பட்டி மௌன நிர்வாண சுவாமிகளின் ஜீவ சமாதி உள்ளது. இவற்றுக்குக் கடைசியாகச் சென்றது எப்போது என்று கேட்டால், இராமேசுவரம் சென்ற ஆண்டைத் தயங்காமல் சொன்ன அதே பெரியவர் சற்று யோசிக்கக் கூடும். கடலோரத்தவரைப் பார்த்து ஏங்கியவருக்கும் வீட்டு வாசலில் ஒரு கடல் இருக்கத்தான் செய்கிறது.

எத்தனை முறை சென்றோம் என்ற கணக்கு இறைவனுக்குத் தேவையில்லை. நமக்கு அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. ஏனெனில் குறித்து வைக்காத நாள் கைநழுவிப் போய்விடுகிறது. நடக்க முடிகிற காலத்திலேயே, ஊருக்கு அருகில் உள்ள ஒரு தலத்துக்கு மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வோம். அமாவாசையோ, பௌர்ணமியோ, கிருத்திகையோ, பிரதோஷமோ, எதுவாயினும் சரி. நாள்காட்டியில் அதற்கு ஒரு குறியிட்டு, வீட்டிலுள்ள சிறியவர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம். நாம் செல்ல இயலாத காலம் வரும்போது, அந்த நாளைத் தவறாமல் காக்க அவர் இருப்பார்.